மூன்றில் இரண்டு: கருந்துளையிலிருந்து வந்த ஒரு மின்கடத்துமை எண்

"கருந்துளையை வைத்து, உலோகத்தில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போடலாம்." கேட்டவுடன் ஆளை இழுக்கிற வாக்கியம் இது. பொய்யும் இல்லை. 2007 வாக்கிலிருந்து இயற்பியலாளர்கள் நிஜமாகவே இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் "கணக்குப் போடலாம்" என்பது வேறு, "இந்தப் பொருளில் கரண்ட் ஏன் இப்படி ஓடுகிறது என்று புரிந்துவிட்டது" என்பது வேறு. பிரபல அறிவியல் எழுத்து இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுகிறது.

அந்தப் பள்ளத்தின் ஆழத்தைக் காட்ட ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். கேரி ஹொரோவிட்ஸ், ஜோர்ஜ் சான்டோஸ், டேவிட் டாங் மூவரும் 2012இல் எழுதியது. ஹாலோகிராஃபிக் முறையில் ஒரு படிக அணியை உருவாக்கி, அதன் மின்கடத்துமையைக் கணித்தார்கள். வந்த விடையில் 2/3 என்ற எண் இருந்தது. உயர்வெப்ப மீக்கடத்திகளில் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த எண்ணும் அதுவே. அந்தப் பொருத்தத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில், எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும்? செம்புக் கம்பியில் கரண்ட் ஓடுவதற்கு நம்மிடம் நல்ல கதை இருக்கிறது. எலக்ட்ரான் ஓடுகிறது, இடிக்கிறது, மறுபடி ஓடுகிறது. இரண்டு இடிக்கு நடுவில் கிடைக்கும் நேரம்தான் மின்தடையைத் தீர்மானிக்கிறது. ட்ரூட் 1900இல் சொன்னது இது. குவாண்டம் இயற்பியல் வந்தபின் எலக்ட்ரானின் இடத்தில் குவாசித்துகள் வந்ததே தவிர, கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. குப்ரேட்டுகளில் இந்தக் கதை நொண்டுகிறது. மீக்கடத்தும் நிலைக்கு மேலே, இவற்றின் மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுகிறது. லாந்தனம்-ஸ்ட்ரான்ஷியம் குப்ரேட்டில் 1100 கெல்வின் வரைக்கும் அந்தக் கோடு வளையவில்லை என்று குர்விட்சும் ஃபியோரியும் 1987இலேயே காட்டினார்கள். அவ்வளவு சூட்டில் ட்ரூட் கணக்கைப் போட்டால், இரண்டு இடிக்கு நடுவில் எலக்ட்ரான் போகும் தூரம் அணு இடைவெளியைவிடக் குறைவாக வருகிறது. ஒரு அடி எடுத்து வைப்பதற்குள்ளேயே இடிக்கிற ஒன்றைத் துகள் என்று சொல்வதற்கே அர்த்தம் இல்லை. அதனால் இவற்றுக்கு விசித்திர உலோகங்கள் என்று பெயர்.

துகளே இல்லாமல் மின்கடத்துமையைக் கணிக்க ஒரு வழி வேண்டும். ஹாலோகிராஃபி உள்ளே வருவது இங்கேதான்.

1997இல் ஹுவான் மால்டசேனா முன்வைத்த கருத்தை மென்பொருள் ஆட்களுக்குச் சொல்வதானால்: ஒரே இன்டர்ஃபேஸ், இரண்டு இம்ப்ளிமென்டேஷன். ஒரு பக்கம், ஈர்ப்பே இல்லாத, துகள்கள் மிக வலுவாகப் பின்னிக்கிடக்கும் ஒரு குவாண்டம் கோட்பாடு. இன்னொரு பக்கம், ஒரு பரிமாணம் கூடுதலாக உள்ள வளைந்த வெளியில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பு. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் இரண்டும் ஒரே பதிலைத் தர வேண்டும். ஒரு பக்கம் கணக்கு முடியாத அளவுக்குக் கஷ்டமாக இருக்கும்போது மறுபக்கம் சுலபமாக இருக்கும். இதன் அழகே இதுதான்.

மின்கடத்துமைக்கு இதை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். பொருள் ஒரு தட்டையான தாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாள், கூடுதல் பரிமாணம் கொண்ட ஒரு வெளியின் விளிம்பு. வெளியின் ஆழத்தில் ஒரு கருந்துளை இருக்கிறது. அதன் ஹாக்கிங் வெப்பநிலைதான் பொருளின் வெப்பநிலை. அதன் மின்னூட்டம்தான் பொருளில் உள்ள மின்னூட்ட அடர்த்தி. தாளில் மாறுதிசை மின்புலம் கொடுப்பது என்றால், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு மின்காந்த அலையை அனுப்புவது. அலை கருந்துளைக்குள் விழுகிறது, திரும்பி வருவதில்லை. அந்த விழுதல்தான் பொருளில் நடக்கும் ஆற்றல் இழப்பு, அதாவது மின்தடையில் வரும் சூடு. விளிம்பில் எழும் மின்னோட்டத்தை மின்புலத்தால் வகுத்தால் மின்கடத்துமை கிடைத்துவிடும். துகளும் இல்லை, இடியும் இல்லை. கருந்துளையின் எல்லையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நியாயமாகச் சொன்னால் அற்புதமான யோசனை.

ஆனால் இதுல ஒரு விஷயம் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. மால்டசேனாவின் உதாரணத்தில் இரண்டு பக்கமும் என்னவென்று தெரியும்: ஒரு பக்கம் ஒரு இழைக் கோட்பாடு, மறுபக்கம் மிகைச் சமச்சீர் கொண்ட ஒரு குறிப்பிட்ட யாங்-மில்ஸ் கோட்பாடு. அதிலும் ஈர்ப்புப் பக்கம் சுலபமாவது, யாங்-மில்ஸ் பக்கத்தில் நிறங்களின் எண்ணிக்கை முடிவிலியை நோக்கிப் போகும்போது மட்டும்தான். குப்ரேட்டில் அப்படிப் பெரிதாக்க எந்த எண்ணிக்கையும் இல்லை. மின்கடத்துமைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை "கீழிருந்து மேல்" வகை. ஈர்ப்பு, ஒரு மின்காந்தப் புலம், தேவைப்பட்டால் ஒன்றிரண்டு ஸ்கேலார் புலங்கள் என்று ஈர்ப்புப் பக்கத்தை எழுதிவிடுகிறார்கள். மறுபக்கத்தில் எந்தப் பொருள் இருக்கிறது? யாரும் சொல்வதில்லை. இரண்டு இம்ப்ளிமென்டேஷன் என்று ஆரம்பித்தது, இப்போ ஒன்றுதான். நம்ம பாஷையில் இது ஒரு மாக் ஆப்ஜெக்ட். சர்வர் கிடைக்காத நேரத்தில் சர்வர் மாதிரி பதில் சொல்ல நாமே எழுதிவைக்கும் கோட். மாக் ரொம்ப உபயோகமானது. ஆனால் மாக்கில் டெஸ்ட் பாஸ் ஆனால் சர்வர் சரியாக இருக்கிறது என்று யாரும் ரிலீஸ் நோட்டில் எழுத மாட்டோம்.

சரி, 2012 கட்டுரைக்கு வருவோம். அதற்கு முன்னால் வந்த மாதிரிகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பொருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால், மின்னூட்டங்களின் மொத்த உந்தம் எங்கேயும் போகாது. தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், நேர்மின்னோட்டக் கடத்துமை முடிவிலி ஆகிவிடும். நிஜ உலோகத்தில் படிக அணியும் மாசுகளும்தான் உந்தத்தை உறிஞ்சுகின்றன. ஹொரோவிட்ஸ் குழு செய்தது, விளிம்பில் அலைபோல் ஏறி இறங்கும் ஒரு அணியைப் பொருத்தி, அதற்கான ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை எந்தத் தோராயமும் இல்லாமல் கணினியில் தீர்த்தது. இது சாதாரண வேலை இல்லை. கருந்துளையின் எல்லையே நெளிந்து போகும்; அதன் மேல் அலையை விட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் பதில் எடுக்க வேண்டும்.

முடிவிலி மறைந்தது. தாழ்ந்த அதிர்வெண்ணில் அச்சு அசலாக ட்ரூட் வளைவு வந்தது. துகளே இல்லாத இடத்திலிருந்து ட்ரூட் வருவதுகூட ஒரு நல்ல பாடம்தான்: ட்ரூட் வளைவுக்குத் துகள் தேவையில்லை, உந்தம் மெதுவாகக் கரைந்தாலே போதும். கட்டுரையில் என்றைக்கும் நிற்கக்கூடிய முடிவு இது என்பது என் கருத்து.

ஆனால் எல்லார் கண்ணும் போனது நடு அதிர்வெண் பகுதிக்கு. அங்கே மின்கடத்துமையின் அளவு, அதிர்வெண்ணின் 2/3 அடுக்கால் குறைந்துகொண்டே போய், கூடவே ஒரு மாறிலியையும் சேர்த்துக்கொண்டது. அணியின் உயரத்தை, இடைவெளியை, வெப்பநிலையை மாற்றினாலும் 2/3 மாறவில்லை. 2003இல் டிர்க் வான் டெர் மாரெலும் சகாக்களும் பிஸ்மத் வகைக் குப்ரேட் ஒன்றில் அளந்ததும் 2/3க்கு மிக நெருங்கிய அடுக்கு. அடுக்கு ஒத்துப்போகிறது. யாருக்குத்தான் உற்சாகம் வராது?

இங்கே நிதானமாக மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, அந்த மாறிலி. சோதனையில் வந்தது சுத்தமான அடுக்கு விதி. அப்படி இருந்தால் மின்னோட்டத்துக்கும் மின்புலத்துக்கும் நடுவிலான கட்டக்கோணம் 90 பாகையில் 2/3 பங்கு, அதாவது 60 பாகை, என்று கணிதமே கட்டாயப்படுத்துகிறது. சோதனையிலும் 60 பாகை வந்தது. அளவும் கோணமும் தனித்தனியாக அளக்கப்பட்டு ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அளவோடு ஒரு மாறிலியைக் கூட்டியதுமே அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. கணிப்பில் ஒத்துப்போவது அடுக்கு என்ற ஒரு எண். சோதனையின் பலமோ இரண்டு எண்கள் சேர்ந்து நிற்பதில் இருந்தது.

இரண்டாவது, அகலம். அதிர்வெண்ணையும் உந்தம் தளரும் நேரத்தையும் பெருக்கினால் வரும் எண்ணைப் 'பெருக்கம்' என்று கூப்பிடுவோம். கட்டுரையில் அடுக்கு விதி தெரிவது பெருக்கம் 2லிருந்து 8 வரை. நாலே மடங்கு. இந்த அகலத்தில் ஒரு அடுக்கும் ஒரு மாறிலியும் எவ்வளவு சுலபமாக ஏமாற்றும் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். சாதாரண ட்ரூட் வளைவையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றை, (1 + பெருக்கத்தின் வர்க்கம்) என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்தது. பெருக்கம் 2இல் 0.447, 8இல் 0.124. இந்த இரண்டு முனைகளிலும் ஒட்டும்படி 2/3 அடுக்கும் ஒரு மாறிலியும் பொருத்தினால் முன்னெண் 0.851, மாறிலி -0.089 என்று வருகிறது. இப்போ நடுவில் பாருங்கள். பெருக்கம் 4இல் ட்ரூட் 0.243, பொருத்திய வளைவு 0.249. பெருக்கம் 5இல் ட்ரூட் 0.196, பொருத்தியது 0.202. முழு இடைவெளியிலும் வித்தியாசம் ஏறக்குறைய 3 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. 2/3 என்ற எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வளைவு, 2/3 வேஷத்தில் இவ்வளவு அழகாக நிற்கிறது!

இதனால் ஹொரோவிட்ஸ் குழுவின் வளைவு வெறும் ட்ரூட் என்று ஆகிவிடாது. அவர்கள் ட்ரூட் பகுதி முடிந்த இடத்தைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணியல் துல்லியமும் 3 சதவீதத்தைவிடப் பல மடங்கு மேல். நான் சொல்வது வேறு: நாலு மடங்கு அகலத்தில், நகர்த்தக்கூடிய மாறிலியோடு செய்யும் ஒரு பொருத்தம், இது அடுக்கு விதியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வலு உள்ள சோதனை அல்ல.

மூன்றாவது, ஏன் 2/3? அதற்கு ஒரு வழித்தோன்றல் கட்டுரையில் கிடையாது. எண்ணியல் விடை, அவ்வளவுதான். காரணம் தெரிந்த எண்ணாக இருந்தால் அடுத்த பொருளில் என்ன வரும் என்று கேட்கலாம். காரணம் தெரியாத எண்ணை நம்ப வேண்டுமானால், அது திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும்.

வரவில்லை. 2014இல் அரிஸ்டொமெனிஸ் டோனோஸ், ஜெரோம் கான்ட்லெட் இருவரும் நாலு பரிமாண ஐன்ஸ்டைன்-மேக்ஸ்வெல் கோட்பாட்டில் ஒன்று, இரண்டு, பத்து அலையெண்கள் கொண்ட அணிகளைக் கட்டிப் பார்த்தார்கள். ட்ரூட் வந்தது. ஒலி அலைகளோடு சேர்ந்த ஒத்ததிர்வுகள் வந்தன. நடு அதிர்வெண்ணில் அடுக்கு விதிக்கான அறிகுறி எதுவும் இல்லை என்று சுருக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். 2015இல் லாங்லி, வனாகோர், ஃபிலிப்ஸ் குழு, அது இல்லை என்பதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதியது.

துறைக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் இது. வெளியிலிருந்து யாரும் வந்து உடைக்கவில்லை, அதே ஆயுதங்களை வைத்திருந்தவர்களே உடைத்தார்கள். ஆனால் ஒரு பொருத்தம் பரவுகிற வேகத்தில் அதன் மறுப்பு பரவுவதில்லை. பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவருக்கு, "அது 2014லேயே போச்சு" என்று சொல்ல ஒரு வழிகாட்டியோ பக்கத்து அறைக்காரரோ இருப்பார். வேலை முடிந்து ராத்திரியில் ஆர்க்சிவ் படிக்கிற நம்ம மாதிரி ஆட்களுக்கு அப்படி யாரும் இல்லை. 2012 கட்டுரையோடு நிறுத்திக்கொண்டவர், குப்ரேட்டின் ஒளியியல் கடத்துமையைக் கருந்துளை விளக்கிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார்.

வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறும் மின்தடை விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. ஹார்ட்னால், ஹாஃப்மன் 2012இல் காட்டியபடி, இந்த வகைக் கருந்துளைகளில் மின்தடை வெப்பநிலையின் ஏதோ ஒரு அடுக்காக வரும். அந்த அடுக்கு அணியின் அலையெண்ணைச் சார்ந்தது. அலையெண்ணைத் திருகினால் அடுக்கு மாறும். ஒன்று வேண்டுமா? ஒன்று வரும் இடத்தில் நிறுத்தலாம். 2013இல் ஆந்த்ராதேயும் விதர்ஸும் கொடுத்த எளிய மாதிரியில், இரு பரிமாணப் பொருளின் மின்தடை வெப்பநிலையைச் சாரவே சாராது. அதே ஆண்டு டேவிசன், ஷால்ம், சானென் கொடுத்த வாதத்தில் பாகுத்தன்மை என்ட்ரோபிக்கு விகிதம், என்ட்ரோபி வெப்பநிலைக்கு விகிதம், ஆகவே மின்தடையும் வெப்பநிலைக்கு விகிதம். இந்த மூன்றில் கடைசி வாதம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் காரணம் இருக்கிறது, சோதித்துப் பார்க்க ஒரு பிடி இருக்கிறது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால், எந்தக் கருந்துளையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் விடை பாதி ஒளிந்திருக்கிறது.

தளர்வு நேரம் பிளாங்க் மாறிலி, போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை மூன்றால் மட்டுமே நிர்ணயிக்கப்படுகிறது என்பதையும் கருந்துளையின் கையெழுத்து மாதிரிச் சொல்வதுண்டு. 300 கெல்வினில் அது சுமார் 25 ஃபெம்டோ வினாடி. ஆனால் 2013இல் ப்ரூன், சகாய், பெர்ரி, மக்கென்சி நால்வரும் பல உலோகங்களை ஒப்பிட்டபோது, விசித்திரம் ஒன்றுமில்லாத சாதாரண உலோகங்களிலும், உயர்ந்த வெப்பநிலையில், அதே அளவு வேகம் வந்தது. அங்கே இடிப்பது அணி அதிர்வுகள், அதாவது பழைய கதைதான். அந்த எண்ணைப் பார்த்து மட்டும் ஆளை அடையாளம் சொல்ல முடியாது.

2013இல் ஃபிலிப் ஆண்டர்சன் பிசிக்ஸ் டுடே இதழுக்கு எழுதிய கடிதத்தில் அடிமடியிலேயே கை வைத்தார்: திண்மப் பொருட்களின் சிக்கல்கள் பொதுவாக சார்பியல் சமச்சீரும் கொண்டவை அல்ல, அளவு மாற்றினாலும் மாறாத கன்ஃபார்மல் சமச்சீரும் கொண்டவை அல்ல, பிறகு இந்த இருமை எதற்கு என்பது அவர் கேள்வி. குப்ரேட்டைப் பொறுத்தவரை எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் "பொதுவாக" என்ற சொல்லுக்கு வெளியே ஒரு இடம் இருக்கிறது. ஹாலோகிராஃபிக் மின்கடத்துமை தன் தகுதியைக் காட்டியது அங்கேதான்.

இரு பரிமாணத்தில் போசான்கள் மீப்பாய்ம நிலையிலிருந்து மின்காப்பு நிலைக்கு மாறும் குவாண்டம் மாறுநிலைப் புள்ளி. ஒளி அணிகளில் குளிர்ந்த அணுக்களை வைத்து ஆய்வகத்திலும் உருவாக்கலாம். அந்தப் புள்ளியில் சார்பியல் சமச்சீரும் கன்ஃபார்மல் சமச்சீரும் தாமாகவே முளைக்கின்றன. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும், கணினியில் மான்டே கார்லோ முறையில் கணிக்கவும் முடியும். ஒரே தொந்தரவு, மான்டே கார்லோ விடைகள் கற்பனை அதிர்வெண்களில்தான் கிடைக்கும். அதை நிஜ அதிர்வெண்ணுக்கு மாற்றுவது, மங்கலான ஃபோட்டோவிலிருந்து முகத்தை மீட்பது மாதிரி. சின்னப் பிழையும் பூதாகரமாகிவிடும். கருந்துளைக் கணக்கோ நிஜ அதிர்வெண்ணில் நேரடியாக விடை தரும்.

2014இல் விட்சாக்-கிரெம்பா, சோரென்சென், சச்தேவ் மூவரும் இந்த இரண்டையும் சேர்த்தார்கள். அவர்கள் எடுத்த ஈர்ப்பு மாதிரியில் முக்கியமான திருகாணி ஒன்றுதான், அதுவும் 1/12க்கும் -1/12க்கும் நடுவில் மட்டுமே திரும்பலாம். அது மாதிரியின் உள்ளிருந்தே வரும் கட்டுப்பாடு. கருந்துளைக் கணக்கின் வெப்பநிலையை ஒரு காரணியால் மாற்றி அளவிட்டுத்தான் மான்டே கார்லோ விடையோடு பொருத்த முடிந்தது. இந்த மாதிரி சரியான கோட்பாடு இல்லை என்று அந்தக் காரணியே வெளிப்படையாகச் சொல்கிறது. அடுத்து வந்ததுதான் எனக்கு முக்கியம். அதே ஆண்டு கட்ஸ் என்பவரும் இவர்களோடு சேர்ந்து, உயர் அதிர்வெண்ணில் மாதிரி எங்கே தவறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மாறுநிலைக் கோட்பாட்டில் இருக்கும் ஒரு ஸ்கேலார் செயலி, அதன் பரிமாணம் சுமார் 1.5, ஈர்ப்பு மாதிரியில் விடுபட்டிருந்தது. பிறகு 2016இல் மையர்ஸ், சீரென்ஸ், விட்சாக்-கிரெம்பா மூவரும் அந்த ஸ்கேலாரைச் சேர்த்து மாதிரியைத் திருத்தினார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குப்ரேட் கதையில் எண் ஒத்துப்போனபோது ஏன் என்று தெரியவில்லை. ஒத்துப்போகாதபோதும், எந்த உறுப்பு விட்டுப்போச்சு என்று சொல்ல முடியவில்லை. போசான் கதையில் ஒத்துப்போகாத இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிந்தது, விடுபட்டதன் பெயரையும் சொல்ல முடிந்தது. டீபக் செய்ய முடிகிற மாதிரி ஒன்று, முடியாத மாதிரி ஒன்று. வித்தியாசம் கருந்துளையில் இல்லை. இருமையின் மறுபக்கம் தெரியுமா தெரியாதா என்பதில் இருக்கிறது.

ஆகவே இனி ஒரு ஹாலோகிராஃபிக் மின்கடத்துமைக் கட்டுரை கையில் வந்தால், விளிம்பில் இருப்பது எந்தக் கோட்பாடு என்று எழுத்தாளர் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். சொல்லவில்லையென்றால், எத்தனை திருகாணிகள், எத்தனை விடைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒத்துப்போகும் அகலம் எத்தனை மடங்கு என்று பாருங்கள். பத்து மடங்குகூட இல்லையென்றால் சும்மா ஒரு ட்ரூட் வளைவைப் பக்கத்தில் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது.

விசித்திர உலோகத்தின் நேர்கோட்டுக்கு 2023இல் படேல், குவோ, எஸ்டர்லிஸ், சச்தேவ் நால்வரும் சயன்ஸ் இதழில் ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: எலக்ட்ரான்களுக்கும் மாறுநிலை போசான்களுக்கும் நடுவிலான பிணைப்பு, பொருளின் இடத்துக்கு இடம் ஒழுங்கில்லாமல் மாறினால் நேர்கோடு வரும். கணக்கில் கருந்துளை கிடையாது. ஆனால் அதன் பூர்வீகம் சச்தேவ்-யே-கிடேவ் மாதிரி. துகளற்ற உலோகத்துக்கும் கருந்துளைக்கும் உண்மையான உறவு, மறுபக்கம் தெரிந்த உறவு, காட்டப்பட்ட மாதிரிகளில் அதுவும் ஒன்று. எலக்ட்ரான் பக்கத்திலேயே எழுதப்பட்டது என்பதால், இந்த விளக்கம் தவறாக இருந்தால் எந்த இடத்தில் தவறு என்று கேட்க முடியும். அடுத்த குறிப்பில் அந்தக் கட்டுரையை இதே கண்ணோடு படித்துப் பார்க்கலாம்.